அவர் பேசாத படங்கள்

பிப்ரவரி 6, வியாழன்

தையல் கடையில் பதினெட்டுச் சட்டைக்குக் காஜா எடுத்தேன். கண் எரிகிறது. அவர் கண்ணை மூடி இன்றோடு நாற்பத்தெட்டு நாள்.

அப்பா எடுத்த விமான வீடியோப் படமெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டு என்று மகளிடம் கேட்டேன். "எதுக்கும்மா, உக்காந்து அழறதுக்கா?" என்றாள். இல்லடி, அவர் குரல் கேட்கணும் என்றேன். போன வாரத்திலிருந்து அவர் குரல் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. முகம் வருது. செருப்பைத் தேய்ச்சு நடக்கிற சத்தம்கூட வருது. குரல் மட்டும் இல்ல. போனிலாவது பேசி வைத்திருக்கிறாரா? "ம்", "வரேன்", அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

பிப்ரவரி 7, வெள்ளி

முந்நூத்திச் சொச்சம் படம். பாதி பார்த்தாச்சு. எல்லாத்திலும் நான்தான் கத்துகிறேன். "இடது பக்கம்... மேல, மேல... ஐயோ, மேகத்துக்குள்ள போச்சு பாருங்க!"

அந்த நீள லென்ஸுக்கு வீட்டில் பீரங்கி என்று பெயர். அதில் கண்ணை வைத்தால் வானத்தில் ஒரு தட்டு அளவுதான் தெரியும். குட்டிக்கரணம் போடுகிற விமானம் சட்டென்று தட்டை விட்டு ஓடிவிடும். வெறுங்கண்ணால் பார்த்து வழி சொல்ல நான். பதினோரு வருஷம், ஞாயிறு தவறாமல், விமான மைதானத்தில்.

அவர் ஒரு வார்த்தை? ஊஹும். கேமராவை அணைத்த பிறகுதான் வாயையே திறப்பார்.

"உன் குரல் மூணு தலைமுறைக்குப் போதும்மா" என்று மகள் சிரித்தாள். எனக்கு ஆத்திரமா வந்தது. என்ன மனுஷன்யா நீ? பக்கத்துல நின்னவகிட்ட ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிடும்?

பிப்ரவரி 10, திங்கள்

மீதியும் பார்த்தாச்சு. இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அந்தக் குட்டிக்கரண விமானத்தை ஓட்டுகிற பைலட் பொண்ணு கடைக்கே வந்துவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்குப் போட்டி. "உள்ள உக்காந்திருக்கிற எனக்கு என் கோணல் தெரியாதுக்கா. அண்ணன் எடுத்துக் காட்டினாத்தான் தெரியும். இனிமே நீங்கதான்."

நான் அஞ்சாங்கிளாஸ், எனக்கென்ன தெரியும் என்றேன்.

"அவருக்கே பதினோரு வருஷமா வழி சொன்னது யாரு?"

சரி என்று தலையாட்டிவிட்டேன் போல.

பிப்ரவரி 16, ஞாயிறு

மைதானம். பீரங்கியை ஒற்றைக்கால் கம்பில் மாட்டவே கால் மணி நேரம் ஆனது. அவள் விமானம் நெட்டுக்குத்தாக ஏறும், உச்சியில் ஒரு நொடி நிற்கும், அப்படியே திரும்பிக் கீழே பாயும். விமானம் நின்றது, என் கை நிற்கவில்லை. அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. ஆறு தடவையும் அப்படித்தான்.

இறங்கி வந்து பார்த்தாள். "அக்கா, வானம் ரொம்ப அழகா வந்திருக்கு. நான் எங்க?"

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வழி சொல்ல மகள் வந்தாள். "வலது! இல்லல்ல, இடதும்மா, இடது!" ஒழுங்காச் சொல்லித் தொலைடி என்று நான் கத்த, லென்ஸுக்குள் விமானம் காய்ச்சல்காரன் மாதிரி வெடவெடவென்று ஆடுகிறது. வாயைத் திறந்தால் போதும், ஆட்டம். மூச்சு விட்டாலும் ஆட்டம்.

வாயை மூடினேன். மூச்சைப் பிடித்தேன். உச்சியில் அது நின்றபோது நானும் நின்றேன்.

இதுதானா? அவருக்கு என்கிட்ட பேசப் பிடிக்காம இல்ல. நான்தான் என்னென்னவோ நெனச்சுட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்குப் படம் சுத்தமாக வந்தது. "இங்க பாருங்க, இறக்கை சாயுது, நான் நேரா இருக்கேன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்று பைலட் பொண்ணு தானே தன் தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் அந்தப் படத்தை மறுபடி ஓட்டினாள். விமானம் தூரமாகப் போய் இரைச்சல் ஓய்ந்ததும் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவள்தான், "இரு, இது என்னம்மா சத்தம்?" என்றாள்.

என் மூச்சு. அவ்வளவு நேரம் பிடித்து வைத்ததை விட்டிருக்கிறேன். அப்புறம்தான் நிறுத்துகிற பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

அவரும் இப்படித்தானே பிடித்து விட்டிருப்பார்? அப்பா படத்தைப் போடுடி. கடைசிக்குப் போ. சத்தத்தைக் கூட்டு என்றேன். போன மாதம் பார்த்தபோது விமானம் மறைந்ததுமே ஒவ்வொன்றையும் நிறுத்திவிட்டு அடுத்ததுக்குத் தாவியிருக்கிறேன், பாவி.

என் கத்தல் ஓய்ந்தது. இரைச்சல் தேய்ந்தது. கொஞ்சம் காற்று. அப்புறம், காதுக்குப் பக்கத்தில், நீளமாக ஒரு மூச்சு. வேலை விட்டு வந்து நாற்காலியில் சாயும்போது விடுவாரே, அதே.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

எல்லா மூச்சையும் வெட்டி ஒன்றாகச் சேர்த்துத் தரட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரே மூச்சில் கேட்டுத் தீர்த்துவிடக் கூடாது.

காலையில் ஒன்று கேட்டேன். போதும். கடைக்குக் கிளம்பினேன்.