படம் எடுத்தவர் என்ற கட்டம்

மார்ச் 3

என் ராங்கிக்காரிக்கு,

நலம். நீயும் உன் அக்கா வீட்டு மாடியில் நலமாகத்தான் இருப்பாய், என்னைத் திட்டக் கிடைக்காத குறையைத் தவிர. போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்திலேயே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

விஷயம் இதுதான். நம் ஸ்டுடியோவின் பன்னிரண்டு வருடப் படங்களிலிருந்து அறுபதை எடுத்துப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்திருக்கிறார். அட்டையில் என் பெயர். அட்டைப்படம் வேறென்ன, பரிசு வாங்கிய அந்தத் தும்முகிற பேக்கரிக்காரர் படம்தான். ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும்.

இங்கே லட்சத்துக்கு மேல் படங்கள் வெறும் நம்பராகக் கிடக்கின்றன. எது எங்கே என்கிற பட்டியலும், ஒவ்வொன்றிலும் செய்த வெளிச்சத் திருத்தமும், எல்லாப் படங்களின் நகலோடு, அந்தச் சின்ன டிஸ்கில் அல்லவா இருக்கின்றன? நீ கோபித்துக்கொண்டு கிளம்பியபோது கைப்பையில் போட்டுக்கொண்டு போனாயே, அதே டிஸ்க்தான்.

இன்னொரு நல்ல செய்தி. புது சாஃப்ட்வேர் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். மாதச் சந்தா. படங்கள் எல்லாம் கிளவுடில் ஏறிவிடும், முகத்தைப் பார்த்து அதுவே ஆள் ஆளாகப் பிரித்து அடுக்கிவிடும். விற்க வந்தவர் செய்து காட்டினார், அசந்துபோனேன். பழைய டிஸ்கை அதில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த டெக்னிக்கல் தலைவலியெல்லாம் உனக்கு எதற்கு? டிஸ்கை மட்டும் கூரியரில் அனுப்பு.

லைட்டு பிடிக்க ஆளில்லை. ஸ்டாண்டில் மாட்டினால் விழுந்து தொலைக்கிறது. கோபம் தீர்ந்தால் வா.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

ஸ்டுடியோ முதலாளிக்கு,

நலம். திட்டக் கிடைக்காத குறை உண்மைதான், இந்தக் கடிதத்தோடு தீர்ந்துவிடும்.

டிஸ்க் வராது.

எனக்கு எதற்குத் தலைவலி என்கிறீர்களே, பன்னிரண்டு வருடமாக அது யார் தலையில் இருந்தது? ஒவ்வொரு வேலைக்கும் தேதி, வாடிக்கையாளர், இடம் என்று பெயர் போட்டு அடுக்கியது யார்? “மூணு வருஷம் முன்னாடி வந்தாங்களே பல் டாக்டர் குடும்பம், பாப்பா அழுதுக்கிட்டே இருந்துச்சே, அந்தப் படம் வேணும்” என்று நீங்கள் வாசலிலிருந்து கத்தினால், காபி ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்தது அந்த விற்க வந்தவரா? ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்வது ஒன்றுதான்: “நான் படம் எடுப்பேன், இவ லைட்டு பிடிப்பா.” நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

இங்கே தனியாக வேலை எடுக்கத் தொடங்கிவிட்டேன். அதற்காக நானும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் அசந்துபோனதையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சந்தாவை நிறுத்தினால் செய்த திருத்தங்கள் பூட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முகம் பார்த்து அடுக்கிய லட்சணத்தையும் பார்த்தேன். என்னையும் அக்காவையும் ஒரே ஆள் என்றது. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அவளுக்கு ஒரே சந்தோஷம், நான்தான் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

எந்த சாஃப்ட்வேரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி. நாளைக்கே உன்னை விட்டுப் போனால் என் சாமான் என்னோடு வருமா? கல்யாணத்துக்கு முன்னாலும் இதைக் கேட்டிருக்கலாம். அப்போது புத்தி வரவில்லை.

இப்போது கேளுங்கள். சோதனைக்காக டிஸ்கைத் திறந்து என் பெயரைப் போட்டுத் தேடினேன். ‘படம் எடுத்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிற படங்கள் பூஜ்யம். உங்கள் பெயரைப் போட்டேன். ஒரு லட்சத்து நாலாயிரம். நான் எடுத்தது ஒன்றுகூட இல்லையா? டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், எழுத வெட்கமில்லை. பிறகு எழுந்து முகம் கழுவினேன்.

என் படங்கள் என் பெயரில் வராவிட்டால் அந்தப் புத்தகமே வராது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லைட்டு பிடித்தவள்


மார்ச் 15

ராங்கிக்காரிக்கு,

அடேயப்பா, என்ன சூடு! கடிதத்தைப் பிரித்ததும் விரல் பொசுங்கிவிட்டது.

நான் வேண்டுமென்றா செய்தேன்? கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை இறக்கும்போது எடுத்தவர் பெயர் என்ன என்று கேட்டது. முதல் நாள் என் பெயரைப் போட்டேன். ‘இனி எல்லாவற்றுக்கும் இதேதானா?’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். நடந்தது அவ்வளவுதான். அன்றைக்கு நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்? வாயைத் திறந்திருக்கலாமே.

நமக்குள் என்னது, உன்னது என்று என்ன இருக்கிறது? என் பெயர் என்றால் அதில் நீயும் அடக்கம். முதல் பக்கத்தில் ‘என் வெற்றிக்குத் துணை நின்ற மனைவிக்கு’ என்று பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன். “இதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும் சார்” என்று பதிப்பாளரே சொன்னார்.

இன்னொன்று. இத்தனை வருடம் கழித்து எது யார் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? இருவரும் ஒரே இடத்தில் நின்றோம், ஒரே ஆளை எடுத்தோம். எனக்கே தெரியாது. உன்னால் பிரித்துச் சொல்ல முடியுமா? எனக்கு வேண்டிய அறுபதையும் நினைவிலிருந்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வீம்பை விடு, டிஸ்கை அனுப்பு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 24

முதலாளிக்கு,

முடியும்.

என் கேமராவின் அடியில் ஒரு சீரியல் நம்பர் உண்டு. உங்களுடையதோடு மாறிப்போகாமல் இருக்க அதன் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்தேன். “கேமராவுக்கு எதுக்குடி மேக்கப்பு?” என்று சிரித்தீர்களே, அதேதான். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா தன் நம்பரைத் தானே எழுதிவிடுகிறது. அதை நீங்களும் நிரப்பவில்லை, நானும் நிரப்பவில்லை. அந்த நம்பருக்கு வீட்டுக்காரர் கிடையாது. ஒருவர் கேமராவை மற்றவர் தொடக் கூடாது என்பதோ நீங்களே போட்ட சட்டம். அதற்கு இப்போதுதான் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் சந்தா சாஃப்ட்வேரில் அந்த நம்பரைத் தேடவே வழியில்லை. இரண்டாவதாகப் பார்த்தது, ஒரு முறை விலை கொடுத்தால் நமக்கே சொந்தம். நிறம் திருத்துவதில் கெட்டி, தேடுவதில் மக்கு. மூன்றாவது பார்க்கச் சகிக்காது, ஒரே சாம்பல் நிறப் பெட்டிகள். ஆனால் படத்துக்குள் என்ன இருந்தாலும் தேடி எடுக்கும். நான் எழுதுகிற பெயரையும் குறிப்பையும் படத்தோடேயே எழுதி வைக்கும். நாளைக்கு எதில் திறந்தாலும் தெரியும். திருத்த இரண்டாவது, அடுக்க மூன்றாவது. முடிவு செய்துவிட்டேன், யாரையும் கேட்கவில்லை.

நம்பரைப் போட்டேன். என் கேமரா எடுத்தவை அறுபத்தோராயிரம். உங்கள் அறுபதில் முப்பத்தெட்டு. ஊசியில் நூல் கோக்கிற தையல்காரம்மா என்னுடையது. நீச்சல்குளத்து மூன்று சகோதரிகள் என்னுடையது. பல் டாக்டர் வீட்டுப் பாப்பா அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு தடவை சிரித்ததே, அதுவும் நான் எடுத்தது.

அத்தனையிலும் என் பெயரை எழுதிவிட்டேன். ஒரு பொத்தான், நாற்பது நிமிடம். எழுந்து போய் வேறு வேலை பார்த்திருக்கலாம். நகரவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முப்பத்தெட்டுக்குச் சொந்தக்காரி


மார்ச் 30

ராங்கிக்காரிக்கு,

சரி தாயே, தோற்றேன். முப்பத்தெட்டும் உன்னுடையவை. பதிப்பாளரிடம் சொன்னேன், முகத்தைச் சுளித்தார். அந்தப் படங்களுக்குக் கீழே உன் பெயர் வரும். அட்டையில் மட்டும் ஒரே பெயர்தான், அட்டைப்படம் யாருடையதோ அவர் பெயர் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பேக்கரிக்காரர் படத்தின் நம்பரை நானும் பார்த்தேன். என் கேமரா! முதல் பரிசு வாங்கிய படம், ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருக்கிற படம். அந்த நம்பருக்கு வீட்டுக்காரர் கிடையாது என்று நீதானே எழுதினாய்? உன் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. இத்தோடு விடு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 4

சட்டம் போட்டவருக்கு,

அந்த ஒரு நாள் உங்கள் சட்டத்தை நீங்களே மீறினீர்கள். பேக்கரிக்குள் போனதும் என் கேமராவில் பேட்டரி செத்துவிட்டது. நீங்கள் வெளிச்சம் சரியில்லை என்று, அதை முகத்தில் திருப்பிவிடுகிற வெள்ளி அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். “இந்தா, என்னுதைப் பிடி, சீக்கிரம் எடு, அந்த ஆளு நிக்க மாட்டாரு” என்று உங்கள் கேமராவை என் கையில் திணித்தீர்கள். இது மறந்துபோய் மேடை ஏறிப் பரிசு வாங்கினீர்களா, நினைவிருந்தே ஏறினீர்களா? எனக்கு இந்த ஒன்றுக்குத்தான் பதில் வேண்டும். நான் கீழே கைதட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாயைத் திறக்காதது என் தப்பு. அதனால்தான் இப்போது மூடுவதாக இல்லை.

சாட்சி கேட்பீர்கள். இருக்கிறது. நீங்கள் வேண்டாமென்று கழித்த படங்களை நான் அழிப்பதில்லை, கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பேன். “குப்பையைச் சேர்த்து டிஸ்கை ரொப்புறா” என்று எத்தனை திட்டு! அந்தக் குப்பையைத் திறந்தேன். தும்மலுக்கு மூன்று விநாடி முந்தைய படம், அதே கேமரா, அதே நம்பர். பேக்கரிக்காரர் மூக்கைச் சுருக்குகிறார். வலது ஓரத்தில் ஒருவர், தலையெல்லாம் மாவு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வெள்ளி அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். யார் என்று சொல்ல முகம் அடுக்கும் சாஃப்ட்வேர் வேண்டாம், நானே சொல்வேன்.

படத்துக்குள் நிற்கிறவர் படத்தை எடுத்திருக்க முடியாது. நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னதுதான்: ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் லைட்டு பிடிப்பார்.

அந்தப் படத்தின் ஒரு அச்சை இத்துடன் உங்களுக்கு வைத்திருக்கிறேன். பதிப்பாளருக்கு இன்னொன்று உறையில் போட்டு, விலாசம் எழுதி, தபால்தலைகூட ஒட்டிவிட்டேன். பத்து நாள் பார்ப்பேன்.

படம் எடுத்தவள்


ஏப்ரல் 12

படம் எடுத்தவளுக்கு,

நினைவிருந்தது. மேடை ஏறும்போதும் இருந்தது. இறங்கியதும் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ கைதட்டிக்கொண்டிருந்தாய், அப்படியே விட்டுவிட்டேன். கோழைத்தனம். கொஞ்சம் மரியாதையான வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

தபால்தலை வீணாகட்டும். அந்தப் படத்தை நானே பதிப்பாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். அட்டையில் உன் பெயர் வருகிறது. தும்மல் முன் அட்டை, நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது பின் அட்டை. பின் அட்டை நான் கேட்டது.

சந்தாக்காரரை அனுப்பிவிட்டேன். நீ எழுதிய மூன்றாவதைப் போட்டுக்கொண்டேன். நிஜமாகவே பார்க்கச் சகிக்கவில்லை. பேக்கரிக்காரரில் என் பெயரை அழித்து உன் பெயரை எழுதினேன். அதுவும் அதே கேள்வியைக் கேட்டது: ‘இனி எல்லாவற்றுக்கும் இதேதானா?’ இல்லை என்று அழுத்தினேன். இனி ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுதுவேன்.

வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. அதனால் கூப்பிடவில்லை.

லைட்டு பிடித்தவன்


ஏப்ரல் 18

லைட்டு பிடித்தவருக்கு,

டிஸ்கின் நகல் இத்துடன் வருகிறது. அசல் என்னிடம்தான் இருக்கும்.

அக்கா வீட்டு மாடியில் ஜன்னலோர அறையை ஸ்டுடியோவாக்கிவிட்டேன். கீழே வாசலில் என் பெயரில் போர்டு மாட்டியாயிற்று. அதை இறக்கப் போவதில்லை. ஆகவே நான் அங்கே வருவது என்ற பேச்சே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரே குடும்பத்தில் பதினேழு பேர், நாய் வேறு. லைட்டு பிடிக்க ஆள் வேண்டும். உங்கள் கேமராவைக் கொண்டுவர வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்பது ஐந்துக்கு மேல் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன்.

படம் எடுப்பவள்