சுனைக்கு மேலே கட்டப்பட்ட கழிவுநீர்த் தொட்டி

அனுப்புநர்
கா. பஞ்சாட்சரம் (வயது 74),
ஈசுவரன் கோயில் தெரு,
சுனைமேட்டூர், ஜவ்வாது மலை,
ஒடுகத்தூர் வழி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: சுனைமேட்டூர் பாதாளக் கழிவுநீர்த் திட்டம் – ஊரார் ஒப்புக்கொண்ட இடத்தை விட்டுக் குடிநீர்ச் சுனைக்கு மேற்புறம் சேகரிப்புத் தொட்டி கட்டியுள்ளமை – 24.03.2025 அன்று இணைப்புக் கொடுப்பதை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாள்தோறும் ஈசன் சன்னதியில் பதிகம் ஓதும் வழக்கமுடைய அடியேன், தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. எங்கள் ஊரில் நாற்பத்து மூன்று வீடுகளும், நூற்று நாற்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றும் உள்ளன. எல்லோருக்கும் குடிநீர் ஒரே சுனை. சித்திரை வெயிலிலும் அது வற்றி நான் கண்டதில்லை. விடுதியின் கழிவுநீர் பல ஆண்டுகளாகத் தெருவிலேயே ஓடியது. பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்தே பள்ளிக்குச் சென்றார்கள். இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று முதன்முதலில் விண்ணப்பித்தவன் நானே. ஆகவே நான் திட்டத்தை எதிர்ப்பவன் அல்லேன்.

2. சென்ற ஆண்டு ஆவணியில் திட்டத்தின் உதவிப் பொறியாளர் திரு. சிவசங்கர் அவர்கள் வந்து, கோயில் முன் வரைபடத்தை விரித்து விளக்கினார். தெருவில் நான்கடி முதல் ஏழடி வரை பள்ளம் தோண்டி, மணல் பரப்பி, அதன்மேல் குழாய் பதிப்பார்கள். எண்பதடிக்கு ஓரடி வாட்டம் இருக்கும். திருப்பந்தோறும் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டுவார்கள். முடிவில், ஊருக்கும் சுனைக்கும் கீழே மூங்கில் புதரோரம் பெரிய சேகரிப்புத் தொட்டி. அங்கே தெளிந்த நீர் உறிஞ்சு குழி வழியாக மண்ணில் இறங்கும். “மோட்டார் எதுவும் வேணாங்க, மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத் தண்ணி தானா போய்டும்” என்றார். அது எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. மலையில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரின் போக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

3. குழாய் கோயில் வாசலைக் கடந்து செல்லும் என்றதும் கூட்டம் கலைய இருந்தது. ஊர்த் தலைமை வகிக்கும் ஊர்க் கவுண்டர் காசி எழுந்து கேட்டதைச் சபையில் கேட்டபடியே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்: “இன்னா சார், சாமி வலம் வர்ற வழிக்கு அடியில பீத்தண்ணி போவணுமா? உங்க ஊர்ல போவுதா?” பொறியாளர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். நாம் கோயிலுக்குள் கொண்டு செல்லும் இந்த உடம்பும் மலத்தைச் சுமந்ததுதான். அதை அருவருக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஈசன், மண்ணுக்குள் மறைந்தோடும் நீரையா வெறுப்பான் என்று கேட்டேன். பாடல்களையும் சொன்னேன். ஊர் இசைந்தது. ஐயா, அந்த இசைவைப் பெற்றுத் தந்தது வரைபடம் அன்று, அடியேன் நாவில் இருந்த இறைவன் திருநாமம். என் வேதனையின் வேர் இதுவே.

4. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தைக் குறித்து ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டால், அந்த இடத்தில் கல் ஒன்று நட்டு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டுவோம். அதன்பின் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அன்றும் அவ்வாறே மூங்கில் புதரோரம் கல் நட்டோம். பொறியாளரே தம் கையால் மஞ்சள் பூசினார்.

5. பின்னர் அவர் தீர்மானம் எழுதிக் கேட்டார். எழுதியவன் நான். ‘ஊரார் கல் நட்ட இடத்தில் தொட்டி அமைக்க இதனால் மனமுவந்து இசைகிறோம்’ என்று எழுதினேன். சர்வே எண் எழுதவில்லை. சுனையிலிருந்து எத்தனை அடி என்றும் எழுதவில்லை. நட்ட கல்லைவிட உறுதியான எல்லை வேறு உண்டு என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை. நாற்பத்து மூன்று குடும்பத்தாரும் நான் எழுதியதை நம்பிக் கையொப்பமும் கைநாட்டும் இட்டார்கள்.

6. கார்த்திகையில், கடைசி இருநூறு அடி தூரத்தில் பாறை தட்டியது. பாறையை உடைக்க வனத்துறை அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஊரார் அனைவரும் சாமை அறுவடைக்குச் சென்றிருந்த ஒரு பகலில், ஒப்பந்தக்காரர் தனசேகரன் என்பவரின் ஆட்கள் அந்தக் கல்லைப் பெயர்த்து, ஊருக்கும் சுனைக்கும் இடைப்பட்ட சரிவில், சுனைக்கு மேலே கொண்டுபோய் நட்டுவிட்டனர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்த காந்தா என்ற பெண் இதை நேரில் கண்டவர். “நாலு பேரு கல்லத் தூக்கினு போனாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டேன். எடஞ்சலா இருக்குதும்மா, அப்பால வெச்சிட்றோம்னாங்க” என்பது அவர் சொல். மூன்றே வாரத்தில் அங்கே தொட்டி எழுந்தது.

7. நான் பொறியாளரிடம் முறையிட்டேன். அவர் கோபிக்கவில்லை. நாற்காலி போட்டு அமரவைத்து, தேநீர் கொடுத்து, கைப்பேசியில் ஒரு புகைப்படம் காட்டினார். அதில் தொட்டியின் அருகே மஞ்சளோடு அந்தக் கல் நின்றது. “அய்யா, நீங்க எழுதுனபடிதான் கட்டியிருக்கோம். கல்லு இருக்குற எடத்துலதானே தொட்டி இருக்குது?” என்றார். திட்டக் கோப்பிலும் அந்தப் படமே என் தீர்மானத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. எங்கள் வாக்கைக் கொண்டே எங்களைக் கட்டிப்போட்டார்கள் என்பதை அந்த நாற்காலியில்தான் உணர்ந்தேன். கொடுமை செய்வோரைக் குறித்து நான் நிறையப் படித்திருக்கிறேன். இன்முகத்தோடு தேநீர் கொடுத்து அதைச் செய்வோர் உண்டு என்று அறிய எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகியிருக்கிறது.

8. மாசி முதல் வாரத்தில் சோதனைக்காகத் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பினார்கள். சுனைக்கு ஒரு சொட்டும் கசியாது என்று அவர்கள் சொன்னதால், ஊர்ப் பெண்கள் ஒடுகத்தூரிலிருந்து துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துப் புட்டி வாங்கிவந்து, ஊரறிய அதில் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் காலை சுனைநீர் வெளிர்நீலமாக இருந்தது. காந்தா ஒரு சொம்பில் அதை எடுத்துவந்து என் முன் வைத்தார். “உங்க பாட்டக் கேட்டுத்தான் பெரீப்பா கைநாட்டு வெச்சோம். மொதல்ல நீங்க குடிங்க” என்றார். பெற்ற மகளைப் போன்றவர். நான் குடித்தேன். அன்று முதல் கோயிலில் நான் ஓதும்போது எவரும் வந்து அமர்வதில்லை. அந்த நீரின் மாதிரி இம்மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளது.

9. எனவே நான் கோருவன:

வரும் 24ஆம் தேதி விடுதிக் கழிப்பறைகளை இணைப்பதாக அறிவித்துள்ளனர். அன்று தொட்டியில் விழப்போவது நீலம் அன்று. அதன்பின் தொட்டியை எங்கு மாற்றினாலும், ஊறிய மண்ணிலிருந்து சுனையை மீட்க இயலாது. இணைப்பை உடனே நிறுத்தி வைக்க ஆணையிட வேண்டும்.

இத்திட்டத்தில் பங்கு பெறாத ஒரு பொறியாளரைக் கொண்டு சுனை, தொட்டி, குழாய் மூன்றின் மட்டத்தையும் எங்கள் கண்முன் அளக்க வேண்டும். பாறையை உடைக்க உரிய அனுமதி பெற்று, மூங்கில் புதரோரமே தொட்டி கட்டித் தர வேண்டும். அதற்கு ஓராண்டு ஆனாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். அதுவரை விடுதிக் கழிவை லாரி வைத்து அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

என் மீதும் பிழை உண்டு. தீர்மானத்தைக் குறையாக எழுதியவன் என்ற முறையில், எந்த விசாரணைக்கும் எந்த நாளிலும் நேரில் வந்து நிற்பேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தங்கள் ஆணையை என் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். நான் படித்துச் சொன்னால் ஊர் இனி நம்பாது. ஓர் அலுவலரை அனுப்பி, சுனையருகே ஊரைக் கூட்டி, அவர் வாயாலேயே படிக்கச் செய்யுங்கள். நானும் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சுனைமேட்டூர்
நாள்: 10.03.2025

இங்ஙனம்,
தங்கள் நீதியை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கா. பஞ்சாட்சரம்

இணைப்பு: தீர்மான நகல் – 1, சுனைநீர் மாதிரி – ஒரு புட்டி.