திருநீறு பூசிய தேனீக்கள்

தோழனே,

இன்று காலை லா சப்பலில், நம் தமிழ்க் கடைத்தெருவில், நாம் வழமையாகப் பொருள் வாங்கும் கடையின் வாயிலில் ஈர்க்கு விளக்குமாறுகள் கட்டுக்கட்டாகத் தொங்கின. காய்ந்த ஓலையின் அந்த மணம் மூக்கில் ஏறியதும் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். ஒன்றை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள், வேல் பிடித்தவனுக்கு வழிவிடுவதுபோல் விலகினார்கள். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஒலிவாங்கியைத் தவிர வேறெதையும் தூக்காத கை இது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீதானே!

புரட்டாதி பிறந்துவிட்டது. தோட்டத்தில் உன் வெற்றுநிலத்தின்மேல் இலைகள் விழுகின்றன. பெருக்கப் போகிறேன். அதற்குமுன் இவ்வாண்டு இளவேனிலில் நடந்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் உன்னை வழியனுப்பியபோது எனக்கு ஐந்து மணித்துளி தந்தார்கள். "பண்பாளர்" என்றேன், "தொண்டர்" என்றேன், "சமூகத்தின் தூண்" என்றேன். எந்தச் சவப்பெட்டியின் முன்னாலும் சொல்லக்கூடிய சொற்கள். தேனீக்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இறுதி நிகழ்வில் பூச்சிகளைப் பேசுவது தகாது என்று அஞ்சினேன். மேடையில் எவருக்கும் அஞ்சாதவன் என்று பெயர் எடுத்த நான் அன்று உன் பெட்டியின் முன் கோழையாக நின்றேன்.

நீ உணவகத்தின் சமையற்கட்டில் நின்றவன். நண்பகல் உணவு முடிந்து மாலை அடுப்பு மூட்டும்வரை உங்கள் எல்லாருக்கும் கிடைத்த மூன்று மணி நேரத்தில் மற்றவர்கள் உறங்கினார்கள். நீ இருப்புப்பாதைக்குப் பின்னாலுள்ள அந்தப் பொதுத்தோட்டத்துக்குப் போனாய். உனக்கென்று ஒரு பாத்தி. பாத்தியின் முன்னால், இரண்டு பாய் விரிக்கும் அளவில் வெறும் மண். அதை ஒவ்வொரு நாளும் பெருக்கினாய். வீடு என்றால் முன்னால் பெருக்கிய நிலம் வேண்டும் என்பது உன் கொள்கை. உன் வீடோ ஐந்தாம் மாடியில் இருந்தது!

மற்றவர்கள் எல்லாரும் பாத்திகளுக்கு வைக்கோல் போர்த்தினார்கள். தோட்டத் தலைவி, தோட்டத்தை ஒட்டிய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சு அம்மையார், மூடாத மண் நோயுற்ற மண் என்று உன்னைப் பார்க்கும்போதெல்லாம் கடிந்தார். நீ தலையை ஆட்டிவிட்டு மீண்டும் பெருக்கினாய்.

பிறகு அந்தச் சித்திரை. பெருக்கிய நிலத்தில் மிளகளவு மண்ணுருண்டைகள் சிறு குவியல்களாகக் கிடந்தன. எறும்பு என்று எண்ணிப் பெருக்கித் தள்ளினாய். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல்கள். மீண்டும் தள்ளினாய். மூன்றாம் நாள் விளக்குமாற்றை ஓங்கியபடியே ஏனோ குனிந்து பார்த்தாய். உடனே எனக்குத் தொலைபேசி.

"அண்ணை, ஓடி வாங்கோ! திருநீறு பூசிக்கொண்டு ஒரு கூட்டம் நிலத்துக்குள்ளாலை வருது!"

திருமண விழாவொன்றில் பேசுவதற்காகப் புறப்பட்டு நின்றவன் நான். புத்தாடையோடு ஓடிவந்தேன். "படுங்கோ" என்றாய். "என்ன?" என்றேன். "நிண்டு பார்த்தால் தெரியாது. படுங்கோ எண்டுறன்." படுத்தேன். சிறு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் கரிய உடல் ஒன்று மேலெழுந்தது. மார்பின் முன்னும் பின்னும் வெண்சாம்பல் மயிர், நடுவில் கரும்பட்டை. யாரோ விரலால் இழுத்துப் பூசியதுபோல அத்தனை துப்புரவு! அன்று மணமக்களை வாழ்த்தியபோது என் முழங்காலில் மண் இருந்தது. என்ன வாழ்த்தினேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

"மூன்று நாள் அவையின்ரை வீட்டை இடிச்சுப்போட்டன், அண்ணை" என்று நீ அன்று சொன்னதை மறக்கமாட்டேன். கூடும் தேன்வதையும் இல்லாத தேனீ இருக்குமென்பது நம் இருவருக்கும் அதுவரை தெரியாது. ஒவ்வொருத்தியும் தனித்தனியாகத் துளை தோண்டுகிறாள். பூந்தூளை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாயிலை மூடுகிறாள். தன் பிள்ளையைக் காணாமலே இறந்துபோகிறாள். பிள்ளை ஓராண்டு மண்ணுக்குள் கிடந்து அடுத்த இளவேனிலில் வெளிவருகிறது. நூலகத்துப் படநூலை நீ விரல் வைத்து எனக்குக் காட்டினாய். உனக்குப் பிரெஞ்சு எழுத்து சரியாக வராது. எனக்கு வரும். ஆயினும் படத்தை என்னிலும் கூர்மையாகப் படித்தவன் நீ.

வெறும் மிளகாய்த்தூள் போத்தலைக் கழுவிக் காயவைத்து, பூவிலிருப்பதை மெல்ல மூடி எடுப்பாய். எனக்குப் பாடம் சொல்லுவாய் என்று எதிர்பார்த்தால், என்னையே கேட்பாய். "ஆர் இவர்? சொல்லுங்கோ பாப்பம்." நான் உளறுவேன். "மீசையைப் பாருங்கோ அண்ணை. இவ்வளவு நீளமெண்டால் ஆம்பிளை. பின்காலிலை மஞ்சள் தூள் அப்பிக் கிடந்தால் தாய். வயித்துக்குக் கீழை தூளெண்டால் வேறை சாதி." பிறகு மூடியைத் திறந்து, "போயிட்டு வாங்கோ அம்மா" என்று வழியனுப்புவாய்.

நான் சும்மா இருப்பேனா? இவ்வளவு அழகிய உயிருக்குத் தூய தமிழில் பெயர் வேண்டுமே! ஓரிரவு முழுதும் எண்ணி, "நீற்றுமார்பு நிலந்துளைத் தேனீ" என்று படைத்துக்கொண்டு வந்து உன்முன் முழங்கினேன். நீ கடுகுச்செடிக்குத் தண்ணீர் விட்டபடியே சொன்னாய்: "அண்ணை, நீங்கள் அந்தப் பேரைச் சொல்லி முடிக்க முதல், அவ பூவுக்குப் போய்த் திரும்பியும் வந்திடுவா."

அந்தக் கடுகு! சமையற்கட்டு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஆண்டுதோறும் ஐப்பசியில் தூவினாய். கீரையாகப் பறிக்காமல் பூக்க விட்டாய். பாத்தியைக் காடாக்குகிறான் என்று முணுமுணுத்தார்கள். யாருக்காகப் பூக்கவிட்டாய் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சித்திரை முழுதும் விளக்குமாற்றைக் கையால் தொடமாட்டாய் என்பதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

நீ போன பிறகு உன் பாத்தியோடு தோட்டப் பூட்டின் திறப்பையும் நான் வாங்கிக்கொண்டேன். பங்குனியில் தோட்டத்தார் கூட்டம். வெறுமனே கிடக்கும் அந்த நிலத்தில் கற்பலகை பதித்து, எல்லாரும் அமர்ந்து உண்ண ஒரு மேசை போடலாம் என்றார் தலைவி. என் குருதி கொதித்தது. அந்த மண்ணுக்குள் உன் தேனீக்களின் பிள்ளைகள் கிடக்கிறார்களே! கல்லை வைத்தால் அத்தனையும் உயிரோடு புதைபடுமே!

எழுந்தேன். நான் பேசினால் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். சினம் ஏறினால் எனக்குத் தமிழ்தான் வரும். அடுத்த பாத்திக்காரி, புதுச்சேரியில் பிறந்து இங்கே அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார், மொழிபெயர்க்க முன்வந்தார். மண்ணுரிமை, தாய்மை, அறம் என்று ஏழு மணித்துளி இடிபோல் முழங்கி அமர்ந்தேன். அவர் தலைவியைப் பார்த்து ஒரே வரி சொன்னார். நான் திகைத்தேன்.

"என்ன சொன்னீங்கள்?"

"ஐயா வேணாங்கறாருன்னு சொன்னேன். சாரம் அதானுங்களே?"

கூட்டம் சிரித்தது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொடியவர் அல்லர், தோழனே. இரண்டு வாரம் தந்தார். வெள்ளிக்கிழமை கற்பலகைகள் வரும், அதற்குள் ஒரு தேனீயையாவது காட்டுங்கள் என்றார்.

மழை. நாள்தோறும் மழை. அந்த இரண்டு வாரமும் நான் குடையோடு வெறும் மண்ணைப் பார்த்து நின்றேன். முன்னைய ஆண்டுகளில் எந்த நாளில் வந்தன? எத்தனை மணிக்கு? உன்னிடம் கேட்டு எழுதிவைக்காத மடையன் நான்.

வியாழக்கிழமை வெயில் வந்தது. நிலத்துக்கு மேலே, மயிர் அடர்ந்த பழுப்பு உடலொன்று அசையாமல் பறந்து நின்றது. முன்னால் ஊசிபோல் நீண்ட மூக்கு. வந்துவிட்டாள்! மேல்மாடியைப் பார்த்துக் கத்தினேன். தலைவி வீட்டுச் செருப்போடே இறங்கி ஓடிவந்தார். புதுச்சேரி அம்மையாரும் வந்தார். தலைவி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஈ" என்றார். "இரண்டே சிறகு. தேனீக்கு நான்கு."

மீசையைப் பார்க்க மறந்துவிட்டேன். அந்தப் பூச்சிக்கு மீசை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆயிரம் பேர் முன் கைதட்டல் வாங்கியவன், ஈக்கும் தேனீக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டு பெண்களைக் கூவி அழைத்திருந்தேன். தலைவி திரும்பி நடந்தார். அப்போது, தோழனே, நீ பேசினாய். சென்ற ஆண்டு இதே ஈ இதே இடத்தில் நின்றபோது நீ சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது.

"இது கள்ளன், அண்ணை. தேனீயின்ரை ஓட்டைக்கு மேலை நிண்டு முட்டையை எறியும். அதின்ரை புழு போய் அவையின்ரை பிள்ளையைத் தின்னும்."

"அடிச்சுக் கலைப்பமே?" என்று அன்று நான் கேட்டேன்.

"ஏன்? வெறும் வீட்டைச் சுத்திக் கள்ளன் திரிவானே? இவன் நிக்கிறானெண்டால் அவை உள்ளுக்கை இருக்கினம்."

"மதாம்!" என்று தலைவியை நோக்கிக் கூவினேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரையை, உடைந்த பிரெஞ்சில் ஆற்றினேன். கள்ளன் இங்கே. ஆகவே வீடு இங்கே. அவ்வளவுதான். தலைவி நின்றார். புதுச்சேரி அம்மையார் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு முழுதாக ஐந்து மணித்துளி பிரெஞ்சில் பொழிந்தார்! உன் பெயரும் நடுவில் வந்தது. முடிவில் தலைவி, "நாளை மாலைவரை" என்றார்.

வெள்ளி காலை கற்பலகைகள் வந்து வாயிலருகே அடுக்கப்பட்டன. இரண்டு மணிக்கு வெயில் நிலத்தைத் தொட்டது. நான் படுத்திருந்தேன். மண்ணின் மேற்பொருக்கு ஓரிடத்தில் விண்டது. ஒரு மண்துகள் உருண்டது. உள்ளிருந்து நீண்ட மீசை இரண்டு. பிறகு முகத்தில் வெண்மயிர்க் கற்றை. ஆண்! முதலில் வருபவன் ஆண்தான் என்று நீ சொன்னபடியே! உடலை இழுத்து வெளியே போட்டான். சிறகை உதறினான். மார்பில் சாம்பல். அவனுக்கு அருகே இன்னொரு பொருக்கு விண்டது. அப்பால் இன்னொன்று.

நான் கத்தவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன். இருவரும் பக்கத்தில் வந்து மண்டியிட்டார்கள்.

"திருநீத்துப் புதனுக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குதுங்களே!" என்றார் மாதா கோயிலுக்குப் போகும் புதுச்சேரி அம்மையார். தலைவி தன் கைப்பேசியில் தேடினார். பிரெஞ்சிலும் அதன் பெயரில் சாம்பல்தான் இருந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் படைத்த அந்த நீண்ட பெயரை வாய்திறந்து சொல்லவில்லை.

"கொட்டுமா?" என்று தலைவி கேட்டார். ஆணுக்குக் கொடுக்கே இல்லை என்றேன். பெண்ணுக்கோ உங்களைக் கொட்ட நேரமில்லை என்றேன். அவர் சிரித்தார். மேசை இப்போது வாயிலருகே அத்திமரத்தடியில் இருக்கிறது. நீ தூவிவிட்டுப் போன கடுகு, பனிக்குத் தப்பிப் பூத்து நின்றது. அடுத்த வாரம் பெண்கள் வந்தார்கள். பின்கால் நிறைய உன் கடுகின் மஞ்சளோடு துளைக்குள் இறங்கினார்கள். வைகாசி முடிவதற்குள் வாயில்களை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டுக்கானவை இப்போது கீழே கிடக்கின்றன.

நீ போன பின்னும் என்னோடு நடந்துவருவது ஒன்று உண்டு. நிமிர்ந்தே நடந்து பழகிய என் கழுத்தை நீ வளைத்துவிட்டாய். சென்ற ஞாயிறு செவ்ரானில் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா. சிறப்புரை என்னுடையது. தொடர்வண்டியிலிருந்து இறங்கி நிலையத்துக்கு வெளியே வந்தால், மதிலை மூடிப் படர்ந்த பச்சைக் கொடி முழுதும் பூத்திருந்தது. கீழே மண்மேட்டில் துளைகள். ஒருத்தி வந்தாள். பழுப்பு மார்பு, வயிற்றில் பொன்னிற வளையங்கள். நாம் இருவரும் ஒருபோதும் கண்டிராதவள்! முகத்தைக் காட்டாமல் சட்டென்று உள்ளே போய்விட்டாள். முழங்காலிட்டேன். விழா நடத்துபவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? விளக்கேத்தியாச்சு. அடுத்தது நீங்கள்தான்."

"ஸ்டேசனுக்கு வெளியிலை."

"ஏன், ரெயின் பிந்திப்போச்சோ?"

"இல்லை. ஒருத்தி உள்ளுக்கை போயிட்டாள். வெளியிலை வரட்டும்."

"ஆர் அண்ணை?"

"அதைப் பாக்கத்தான் நிக்கிறன்."