பச்சை நாடா

மகளுக்கு,

பதினொரு நாளாக உன் போனை எடுக்காத அப்பா எழுதுகிறேன். கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. கோபம் வடியவில்லை.

உன் ஆஸ்பத்திரியின் அந்த அவசரப் பிரிவில் முப்பது வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளியவன் நான். படிக்காமலே, முகத்தைப் பார்த்து யார் எவ்வளவு அவசரம், யார் கையில் எந்த நிற நாடா கட்டணும் என்று சொல்லிவிடுவேன். கணுக்கால் பிசகி நான் அங்கே வந்த அன்று எனக்கு முன்னால் ஒன்பது பேர். "என் மகதான் இங்க பெரிய டாக்டர்" என்று கொஞ்சம் சத்தம் போட்டேன்தான். நீ வந்து என் கையில் பச்சை கட்டினாய். காத்திருக்கலாம் என்று அர்த்தம்.

"கத்துறதுக்குத் தெம்பு இருக்குல்லப்பா? அப்போ பச்சைதான்!"

கூடமே சிரித்தது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ சொன்ன அந்த வார்த்தை, எங்கள் பழைய பெரிய டாக்டர் முதலில் பார்க்கச் சொல்லிக் கத்திய தன் மச்சானிடம் சொன்னது. மூச்சுத் திணறிய ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளிக்குச் சிவப்பு கட்டிவிட்டு, மச்சானை மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். நாடா தீர்ந்துபோனால் பழைய திரைச்சீலையைக் கிழித்துக் கட்டுவார். அந்த நாட்கள் இனி வராது. அந்தக் கதையைச் சொல்லித்தானே உனக்குச் சோறு ஊட்டினேன்? என் மேலேயே திருப்புவாய் என்று கண்டேனா?

அவர் இன்னொன்றும் சொல்வார்: "கட்டின டாக்டர்தான் திரும்பி வந்து பாத்து நாடாவை வெட்டணும். அதுவரைக்கும் அவங்க நம்ம நோயாளி."

நாடா இன்னும் என் மணிக்கட்டில்தான் இருக்கிறது. குளித்தால் நனைகிறது, வெயிலில் கையை நீட்டிக் காயவைக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். கத்தரிக்கோலோடு வா.

இன்னும் காத்திருக்கும் பத்தாவது ஆள்,
அப்பா