பதினான்காம் கட்டம்

மாமா,

சேகரின் பிறப்புச் சான்றைத் தேடி நேற்று உங்கள் தகரப்பெட்டியைத் திறந்தேன். அரக்கு, மை, பாச்சை உருண்டை எல்லாம் கலந்த நெடி முகத்தில் அடித்தது. நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாமனாருக்கு மருமகள் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. நீங்கள் இருக்கும்போது எழுதியிருந்தால் அதையும் வாங்கித் திருத்தியிருப்பீர்கள்.

திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர் நீங்கள். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் உங்கள் கண்ணில் படாமல் போகாது. நான் என் அம்மாவுக்கு எழுதும் கார்டைக்கூட, "இந்த எடத்துல ஒரு புள்ளி வெக்கணும்மா" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.

சேகருக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. நீங்கள் நாக்கில் வசம்பு தேய்த்தீர்கள், திருவாமாத்தூர் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. வறுத்த மல்லாட்டைக் கடலையைக் கையில் மூடிக்கொண்டு, "தாத்தான்னு சொல்லு, அப்பத்தான்" என்று அவனை நிற்க வைத்தீர்களே, அதைச் சொல்கிறேன். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடுவான். நீங்கள் சிரிப்பீர்கள். கடைசியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தான்.

விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் ஒரு டாக்டரிடம் அவனைக் காட்டினேன். "காது நல்லா கேக்குது. நாக்குலயும் ஒண்ணும் இல்ல. பேச்சுக்குன்னே பயிற்சி குடுக்கறவங்க வேணும். நம்ம பக்கத்துல யாரும் இல்லம்மா" என்றார். மைசூரில் அதற்கென்று புதிதாக மேற்படிப்பே தொடங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"நான் பி.ஏ. படிச்சிருக்கேன் டாக்டர். ஆனா வரலாறு."

"விஞ்ஞானம் படிச்சவங்களத்தான் மொதல்ல எடுப்பாங்க. நீங்க எழுதிப் பாருங்களேன். சும்மா இருக்கறதுக்கு அது தேவல."

விண்ணப்பத் தாள் வந்தது. பதினான்காம் கட்டம் என்னைப் போன்றவர்களுக்காகவே வைத்தது. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் இந்தப் படிப்பை நாடுவதற்கான காரணம். மற்றதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்தக் கட்டத்துக்கு மட்டும் நோட்டில் பென்சிலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள். அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்தது. தாளை நோட்டுக்குள் வைத்துவிட்டு, சேகரைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் பிடித்து ஓடினேன்.

நான் திரும்பி வந்தபோது உங்களுக்கு என்ன பெருமை!

"மனுவ அனுப்பிட்டேன்மா. கெடு முடியப்போவுது, நீ பாட்டுக்கு அங்க உக்காந்துக்கினு இருக்கறே. ஜல்தியா ரிஜிஸ்தர் தபால்ல போட்டுட்டேன். ஒரு எடம் காலியா வுடல."

"பதினாலாங் கட்டத்துல என்ன எழுதினீங்க மாமா?"

"இல்லைன்னு இங்கிலீஷ்ல போட்டு, மீதி எடத்துக்குக் கோடு இழுத்து மூடிட்டேன். வெறும் எடம் வுட்டா எவனாவது உள்ள ஒரு வரி சேத்துடுவான். அப்பறம் பேஜாரு."

பத்திரத்தில் செய்வதை அப்படியே செய்துவிட்டீர்கள். இந்தப் படிப்பை நாட எனக்குக் காரணம் எதுவும் இல்லை! உங்கள் மகன்கூடச் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்றைக்கே விளக்கம் எழுதித் தபாலில் சேர்த்தேன். கெடு முடிந்துவிட்டது, காரணம் காட்டாத விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை, அடுத்த ஆண்டு முயலலாம் என்று பதில் வந்தது.

பழக்கதோஷம் என்று விட்டிருப்பேன். ஆனால் தாள் இருந்தது நோட்டுக்குள் அல்லவா?

"நோட்டுல நான் எழுதி வெச்சிருந்ததைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"படிச்சேன். எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துது. ஆனா எம் பேரனுக்குப் பேச்சு வரலன்னு எவனோ ஒருத்தன் கைக்குக் காயிதமா போவணுமா? வாயால சொன்னா காத்தோட போச்சு. எழுதினா நிக்கும்மா. நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெண் பார்த்தீர்கள். சின்ன வயதிலேயே தொடங்கினால்தான் பலன் என்று டாக்டர் சொன்னதையும் அதே பக்கத்தில் எழுதியிருந்தேனே, அதையும் படித்துவிட்டுத்தானே கோடு இழுத்தீர்கள்? அதற்குப் பிறகு நீங்கள் இருந்தவரை உங்களுக்குச் சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன். மனசோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருஷம் மறுபடி எழுதினேன். என் கையாலேயே தபாலில் சேர்த்தேன். நேர்காணலில் தமிழ் தெரிந்த ஒருவர், "சரித்திரத்துக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். நோட்டை நீட்டினேன். சேகர் எந்தத் தேதியில் எந்த ஒலியை எழுப்பினான், யார் எதிரில், எதைப் பார்த்து என்று இரண்டு வருஷக் குறிப்பு. ஊகத்தை எழுதாதே, கண்டதை எழுது என்பதுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த சரித்திரம். அவர் இருபது பக்கமாவது புரட்டியிருப்பார். இடம் கிடைத்துவிட்டது.

"அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார் உங்கள் மகன். பொய். பிள்ளையை ஊரெல்லாம் காட்டிக்கினு போறாளே என்றுதான் சொல்லியிருப்பீர்கள். "செத்தவர்மேல என்ன கோவம்?" என்றும் கேட்கிறார். நீங்கள் செத்துப்போனதால் போன வருஷம் எனக்குத் திரும்பி வந்துவிட்டதா?

ஆனால் ஒன்று, மாமா. உங்களைத் திட்டும்போதெல்லாம் அந்த ஒன்பது நாள் குறுக்கே வருகிறது. மற்றதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் மையால் எழுதியவளுக்கு அந்தக் கட்டத்துக்கு மட்டும் பென்சில் எதற்கு? வார்த்தை சரியாக அமையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மைசூருக்குக் கிளம்புகிறோம். அம்மா துணைக்கு வருகிறாள். ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள், "தம்பி, உம் பேரு என்னா?" என்று கேட்பார்கள். இத்தனை நாளும் அவன் வாயைத் திறக்கும் முன்னே நானே முந்திக்கொண்டு "சேகர்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் எதையாவது காட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன். இந்தத் தடவை அப்படிச் செய்யக் கூடாது. "அவனுக்கு இன்னும் பேச்சு வரலைங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை நீங்கள்தான் எனக்குத் தந்தீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.