தப்பு அடிக்காத வாசல்

2.4.2006 ஞாயிறு
காலையிலிருந்து மழை. எழுத்து கோணல்மாணல், மன்னிக்கணும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, பேனாவை நசுக்குகிறது. முதியோர் வகுப்பில் இந்த வருஷம்தான் எழுதப் படித்தேன்.

மகள் ராணி இன்று நன்றாகச் சாப்பிட்டாள். போன மாதம், வேலைக்கு அழைக்கும் பெரட்டுச் சங்கு ஊதியதும் மயங்கி விழுந்தாள். பேய் என்று பூசாரியை அழைத்தோம். காதருகே உடுக்கை அடித்தார். மறுபடி விழுந்தாள். மூச்சில்லை. பிறகு அவளாகவே கண் திறந்தாள். கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரி. பிழைத்தது பெரிய காரியம்.

4.4 செவ்வாய்
குளிர். கிளினிக். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. எங்கள் இருவருக்கும் இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். பிறவிக் குறையாம். திடீர்ச் சத்தம் கேட்டால் ராணிக்குத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாமாம். எனக்கும் அதே குறை.

"உங்களிட்ட இருந்துதான் வந்திருக்கு, ஐயா."

தலை குனிந்தேன்.

"ஏன் குனியிறியள்? களவெடுத்தா குடுத்தனீங்கள்?"

ராணி சிரித்தாள். "காணிதான் தரல, இதையாவது தந்தாரே டாக்டரம்மா."

அடியோடு குணமாகாதா என்று கேட்டேன். குறையுள்ள மரபணுவைத் திருத்தவும், இளம் உயிர்க் கலங்களை வளர்த்து இதயத்தில் சேர்க்கவும் வெளிநாட்டில் முயல்கிறார்களாம். இன்னும் ஆராய்ச்சிதான்.

"ராணியின்ர பிள்ளையள் காலத்தில வரலாம். இப்ப குளிசைதான். ஒரு நாளும் விழுங்காம விடக்கூடாது."

மரபணு. நாலு எழுத்து. பஸ் கண்ணாடியில் விரலால் எழுதிப் பார்த்தேன்.

6.4 வியாழன்
வாங்க: சீனி, மண்ணெண்ணெய், காதுக்குப் பஞ்சு.

நாளை மாரியம்மன் தேர். வரிசை வீடுகள் உள்ள ஒவ்வொரு லயத்து வாசலிலும் தப்புப் பறை திடீரென்று முழங்கும். அதுதான் வழக்கம். ராணியைப் பண்டாரவளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், "மாவிளக்கு வைக்கணும்ப்பா, போகமாட்டேன்." பஞ்சு போதுமா? பயம். தப்படிக்கும் முத்தையாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பாப்போம்ணே" என்றார். அவ்வளவுதான்.

8.4 சனி
வெயில். நேற்று தேர் வந்தது. எங்கள் லயத்துக்கு முந்தின திருப்பத்திலேயே தப்பு நின்றுவிட்டது. முத்தையாவும் ஆட்களும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். கால் சத்தம் மட்டும்.

கூட்டத்தில் ஒருவர், "என்னப்பா, கை ஒடிஞ்சிருச்சா?"

"ஆத்தாவுக்குக் காது நல்லாக் கேக்கும். நீ நட" என்றார் முத்தையா.

ராணி மாவிளக்கோடு வாசலில் நின்றாள். அம்மன் எங்களுக்காக அமைதியாக நின்றாள். அடுத்த லயமும் தாண்டித்தான் மெல்லத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

கை வலிக்கிறது. மீதியை அடுத்த வாரம் மழை வந்தாலும் உட்கார்ந்து எழுதணும். ராணி தண்ணீரோடு நிற்கிறாள், எனக்கும் குளிசையாம்.