கூடத்துச் சுவரில் பூத்த பூவரசு

என் உயிருக்குள் இன்னமும் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும் சந்திராவுக்கு,

ஒரு மாதமாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீஸில் சரக்குக் கப்பல் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆனால் இதைச் சொல்லக்கூடிய சிநேகிதி நீ ஒருத்திதான்.

முதலில் உன் பொருள்களின் நலம் சொல்கிறேன். நீ தைத்த சாப்பாட்டுப் பை இன்றும் என்னோடு ஆபீஸுக்கு வருகிறது. பிறந்தநாளுக்கு நீ தந்த ஊசி குத்தும் மெத்தை, நம் ஊர் மக்ரூன் இனிப்பு மாதிரியே கூம்பாக, வெள்ளையாக, மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைத் தின்னக் கை நீட்டுவார்கள். அப்போதெல்லாம் உன் சிரிப்பு எனக்குக் கேட்கும். காலையில் டீயோடு உட்கார்ந்து போனில் க்வில்ட் போர்வைப் படங்கள் பார்க்கும் பழக்கமும் என்னை விடவில்லை. எந்தெந்த தேசத்துப் பெண்களோ துண்டுத் துணிகளால் மலையும் மழையும் தைத்து வைத்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் விரல் உன் எண்ணைத் தேடும். பிறகு நினைவு வரும்.

நீ இந்தப் போர்வைத் தையலைத் தொடங்கியபோது உன் வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் கேட்டதை மறந்திருக்க மாட்டாய். இந்த ஊர் வெக்கைக்கு எவளாவது மூணு அடுக்குப் போர்வை தைப்பாளா என்று தன் பாத்திரக் கடையில் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். போர்த்திக்கொள்ள யார் தைத்தார்கள், பார்க்கத்தான் என்று நீ சொன்னாய். தையல் கடையில் மிஞ்சிய துணி, அவருடைய பழைய சட்டை, என் கிழிந்த சுங்குடிப் புடவை எல்லாம் உன் கைக்குப் போய் எருக்கம்பூவாகவும் ஆவாரம்பூவாகவும் திரும்பி வந்தன. ரோஜாவை மட்டும் நீ தைத்ததே இல்லை. அதற்குத்தான் உலகம் முழுக்க ஆள் இருக்கிறதே என்பாய்.

அந்தப் பூவரசுப் போர்வையை முடித்த அன்று நீயும் நானும் நித்யாவும் சேர்ந்து அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். காலையில் பூத்த மஞ்சள் பூ, வாடிச் சிவந்த பூ, இரண்டும் ஒரே கிளையில். பின்னால் நீலச் சட்டைத் துணியில் கடல். மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த வருஷமே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை.

இப்போது செய்தி. அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். உனக்குக் கோபம் வருமா, தெரியவில்லை. நித்யாதான் பிடிவாதமாக நின்றாள். அவள் திருநெல்வேலி ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவர் கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே தூங்க ஆரம்பித்திருந்தார். வந்தவள் பெயர் பிரேமா. விளாத்திகுளத்துக்காரி. தம்பிகளைக் கரையேற்றிவிட்டு நாற்பது வயதில் கழுத்தை நீட்டியவள். திருச்செந்தூர்க் கோயிலில் தாலி கட்டினார்கள். நானும் போனேன், சாப்பிட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினேன்.

போன மாதம் நித்யா எனக்குப் போன் செய்தாள். அப்பாவோடு வீடியோவில் பேசியிருக்கிறாள். அவருக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்திருக்கிறது.

"பெரியம்மா, சுவத்துல அம்மா போர்வை இல்ல. நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் நேரே உன் வீட்டுக்குப் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டேதான் ஸ்கூட்டரை ஓட்டினேன். பிரேமா கூடத்தில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே சுவரில் போர்வை இருந்த இடம் மட்டும் மங்காமல், புதுச் சுண்ணாம்பு மாதிரித் தெரிந்தது. அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

போர்வை எங்கே என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் பூவைக் கீழே வைத்தாள். "நான்தான் எறக்கினேன் அக்கா. பீரோவுல பத்திரமா மடிச்சு வச்சிருக்கேன்."

ஏன் என்றேன்.

"வீட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல அதைப் பாக்காங்க. பொறவு என்னைப் பாக்காங்க. பாத்துட்டு ஒரு பெருமூச்சு விடுதாங்க. நானும் இந்த வீட்டுல இருக்கணும்லா?"

சந்திரா, இதற்கு நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? அவள் வெடுக்கென்று பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துணி அழுக்காகிறது, பூச்சி அரிக்கிறது என்று சாக்குச் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன். அவள் உள்ளதைச் சொன்னாள். உள்ளே போய் எடுத்து வந்தாள். வெளுத்த வேட்டியில் சுற்றி, மடிப்புகளுக்கு நடுவே வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். உங்களிடம் இருந்தால் எனக்கும் நிம்மதி, எடுத்துப் போங்கள் என்றாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுச் சுவரில் அதை மாட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ குடித்துக்கொண்டே உன் தையலை விரலால் தடவிப் பார்ப்பேன். என் சுங்குடிப் புடவையின் புள்ளிகள் ஒரு இலையில் இருப்பதை அப்போதுதான் கண்டேன். ஆனால் மூன்றாம் நாளே மனம் அரிக்கத் தொடங்கிவிட்டது. உன் வீட்டில் இருக்க வேண்டியதை நான் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டேனோ?

நித்யாவிடம் சொன்னேன். அவள் அவர்கள் மேல் கோபப்படுவதை விட்டு என் மேல் கோபப்பட்டாள். "நீங்க ஏன் வாங்கிட்டு வந்தீங்க? அங்கனயே மாட்டச் சொல்லிருக்கணும்லா?" விடுமுறைக்கு வந்தவள் பஸ் நிலையத்திலிருந்து பையோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். அண்ணன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. அன்று இரவும் மறுநாளும் அவள் உன் போர்வைக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்துக் கிடந்தாள். என் வீட்டில் எனக்கே மூச்சு முட்டியது. நீ விட்டுப்போன குடும்பம் என் கை பட்டு உடைந்துவிடுமோ என்று பயந்தேன்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஆட்டோவில் பிரேமா வந்தாள், தனியாக. கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் பூ. நித்யா எழுந்திருக்கவில்லை. பிரேமா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுவரை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் அதைப் பயமில்லாமல் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இது என்ன பூ என்று கேட்டாள். நித்யா முகத்தைத் திருப்பாமலே பூவரசு என்றாள். ஒரே கிளையில் எப்படி இரண்டு நிறம் என்று இவள் கேட்க, காலையில் மஞ்சள், வாடும்போது சிவப்பு என்று அவள் சொன்னாள். எங்கள் கண்மாய்க் கரையில் நிற்கிற மரம்தான், ஆனால் இப்படி நின்று பார்த்ததில்லை என்றாள் பிரேமா.

பிறகு அவளே பேசினாள். "நான் உங்க அம்மா எடத்துக்கு வரல நித்யா. உங்க அப்பா பக்கத்துல ஒரு எடம் இருந்துச்சு, அங்கன இருக்கேன். கூடத்துல இது இருந்தா என்னால முடியல. அதை மறைக்க மாட்டேன். ஆனா உன் ரூம்ல இருக்கட்டும். அங்கன ஒரு ஆணி அடிச்சிட்டுத்தான் வாரேன்."

எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அடுக்களைக்குப் போய் வெறும் பாத்திரத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

திரும்பி வந்தபோது உன் மகள் போர்வையின் மேல் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு ஆணில நிக்காது. கம்பு கோர்த்து மாட்டணும். ரெண்டு ஆணி வேணும்" என்றாள்.

"போய் அடிச்சுக்கிடலாம்" என்றாள் பிரேமா.

இரண்டு பேருமாகக் கழற்றி, இரண்டு பேருமாக மடித்தார்கள். ஆட்டோவில் போர்வை நடுவில் இருந்தது, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டு போனார்களா என்று தெரியாது. அன்றைக்கே மாட்டிவிட்டதாக நித்யா படம் அனுப்பினாள். அவள் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கண் விழித்தால் உன் மரம்.

எல்லாம் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் உட்கார முடியவில்லை என்றுதானே கேட்பாய்?

நேற்றுக் காலை ஒரு படம் பார்த்தேன். யாரோ ஒருத்தி கேந்திப் பூ வயல் ஒன்றை முழுக்க முழுக்கத் துணியில் தைத்திருக்கிறாள். பார்த்ததும் வழக்கம்போல விரல் உன் எண்ணைத் தேடியது. என்ன நினைத்தேனோ, பிரேமாவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் குரலில் பதில் வந்தது: "பூ நல்லாருக்கு அக்கா. இலைதான் தப்பு. கேந்தி இலை இப்படியா இருக்கும்?" ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது சந்திரா. உன் இடத்திலிருந்து எதையோ எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேனா? இல்லை, என்னிடம் அப்படி ஓர் இடம் இத்தனை நாளும் காலியாகக் கிடந்ததா? நீ இருந்தால் கேட்டு உடனே தெரிந்துகொள்வேன். நீ இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். உன்னைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது உன்னைத் தெய்வமாக்க மாட்டேன், இது சத்தியம். உன் முன்கோபத்தையும் சொல்வேன், நீ குழம்பில் உப்பை அள்ளிப் போடுவதையும் சொல்வேன். இரண்டு காலில் நடந்த ஒரு மனுஷியாக மட்டுமே உன்னை அவள் முன் நிறுத்துவேன். அப்படி இருந்தால்தான் அவள் உன் பக்கத்தில் வந்து உட்கார முடியும்.

உன் மகளின் பெரியம்மா,
கனகா